மெத்தை கம்பெனி பையனும் சில பழைய கார்களும்

பழைய கார் வச்சிருக்கறவங்கன்னு சொன்னதும் உங்க மனசுல யாரு வர்றாங்க? எனக்கு ரொம்ப நாளா தலைப்பா கட்டின ஒரு மகாராஜாதான் வருவார். அவரை விட்டா, வெள்ளை பேண்ட் வெள்ளை சட்டையில ஒரு மில் முதலாளி. ரெண்டு பேருமே காரை துடைக்க மாட்டாங்க. அதுக்குன்னு தனியா ஒரு ஆள் இருப்பார்.

இந்த நினைப்பு முழுக்க தப்புன்னு சொல்ல வரல. ஆனா இங்கிலாந்துல இந்த பழைய கார் பைத்தியம் எப்படி ஆரம்பிச்சதுன்னு படிச்சப்போ கொஞ்சம் ஆச்சரியமா இருந்துச்சு. 1934-ல் அங்கே 'விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப்'னு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. யாருக்காக தெரியுமா? "அவ்வளவா பணம் இல்லாதவங்களுக்காக". நான் கிண்டலுக்கு சொல்லலை, அவங்க வச்சிருந்த நோக்கமே அதுதான்.

காரணம் ரொம்ப சிம்பிள். 1929-ல் ஆரம்பிச்ச பொருளாதார மந்தத்துல நல்ல நல்ல கார் கம்பெனிகள் எல்லாம் ஆட்டம் கண்டுச்சு. பந்தயத்துல கொடி நாட்டின பென்ட்லி கம்பெனியே 1931-ல் நொடிச்சுப் போய் ரோல்ஸ் ராய்ஸ் கைக்கு போயிடுச்சு. மத்த கம்பெனிகள் மலிவா, மொத்தமா, ஒரே அச்சுல கார் அடிக்க ஆரம்பிச்சாங்க. ஆனா அதுக்கு முன்னாடி செஞ்ச, கெட்டியான, ஓட்டறதுக்கு சுகமான வண்டிகள் செகண்ட் ஹேண்ட்ல அடிமாட்டு விலைக்கு கிடைச்சுது. புது வண்டி வாங்க வக்கில்லாத, ஆனா ஸ்பேனர் பிடிக்க தெரிஞ்ச பசங்க அதை வாங்கினாங்க. 1930 டிசம்பர் 31-க்கு முன்னாடி செஞ்ச கார்தான் கணக்குல சேரும்னு சங்கத்துல ஒரு கோடு போட்டாங்க. இன்னிக்கு 'விண்டேஜ்'னு சொன்னா 1930 வரைக்கும்தான்னு கார்க்காரங்க சொல்றது அந்தக் கோட்டை வச்சுத்தான். நாலஞ்சு வருஷம் பழசான வண்டிக்கு அப்போ அந்தப் பேரு! நம்ம வீட்டு ஸ்கூட்டருக்கு அதை விட வயசு ஜாஸ்தி :-)

சரி, இந்தப் பசங்க பொழப்புக்கு என்ன பண்ணிட்டு இருந்தாங்க?

ரோல்ட்னு ஒருத்தர். ரயில் எஞ்சின் செய்யற கெர் ஸ்டூவர்ட் கம்பெனியில அப்ரண்டிஸா தொழில் கத்துக்கிட்டவர். 1930-ல் கம்பெனி திவால். கத்துக்கிட்ட தொழில் கையில இருக்கு, வேலை இல்லை. அலைஞ்சு திரிஞ்சு 1934-ல் கூட்டாளியோட சேர்ந்து ஹாம்ப்ஷயர்ல, மெயின் ரோட்டு ஓரமா ஃபீனிக்ஸ் கிரீன்ங்கற இடத்துல ஒரு கராஜ் போட்டார். பக்கத்துலயே ஒரு மதுக்கடை. ஆரம்ப காலத்துல சங்கத்து ஆளுங்க கூடி கதையடிச்சது இந்த வட்டாரத்துலதான். இதே ரோல்ட்தான் பின்னாடி 'நேரோ போட்'னு புத்தகம் எழுதி, பாழாக் கிடந்த இங்கிலாந்து கால்வாய்களை காப்பாத்த 1946-ல் ஒரு சங்கம் அமைய காரணமா இருந்தார். 1951-ல் வேல்ஸ்ல மூடப் போற ஒரு குட்டி ரயில்வேயை தன்னார்வலர்களே ஓட்டிக் காட்டறதுக்கும் முன்னால நின்னார். அவரைப் பத்தி தனியாவே எழுதலாம், இப்போ வேணாம்.

ஆண்டனி ஹீல்னு இன்னொருத்தர். லண்டன்ல பேர் போன மரச்சாமான் கடைக் குடும்பம். கட்டில் மேஜை நாற்காலிதான் வியாபாரம், ஆனா வீட்டுல 1910-ம் வருஷத்து பத்து லிட்டர் ஃபியட் பந்தயக் கார்.

நான் சொல்ல வந்தது வேற ரெண்டு பேரைப் பத்தி.

முதல் ஆள் செசில் க்ளட்டன். 1909-ல் பொறந்தவர், கூட்டாளிகளுக்கு 'சாம்'. தொழில் சர்வேயர். சர்வேயர்னா சங்கிலி பிடிச்சு வயல் அளக்கறவர் இல்லை, நில புலன், கட்டடம் எல்லாத்தையும் மதிப்பு போட்டு நிர்வாகம் பண்ணித் தர்ற தொழில். அவங்க குடும்பக் கம்பெனி 1765-ல் ஆரம்பிச்சது. அரச குடும்பத்து நிலம், சர்ச் நிலமெல்லாம் பார்த்துக்கிட்ட கம்பெனின்னா பாத்துக்குங்க. ஆபீஸ் முடிஞ்சா மனுஷனுக்கு மூணு பைத்தியம். ஒண்ணு, சர்ச்சுல வாசிக்கிற பைப் ஆர்கன். ரெண்டு, பழங்காலத்து கடிகாரம். மூணு, கார். மூணுலயும் புத்தகம் போடற அளவுக்கு ஞானம்.

கார்னா சும்மா கார் இல்லை. 1908 இட்டாலா. அந்த வருஷம் பிரான்ஸ்ல நடந்த கிராண்ட் பிரீ பந்தயத்துக்காக செஞ்ச மாடல். நாலே சிலிண்டர், மொத்தம் 12 லிட்டர் எஞ்சின். நம்ம மாருதி 800 எஞ்சின் பதினஞ்சை ஒண்ணா சேர்த்தா வர்ற அளவு!

ரெண்டாவது ஆள் ஜார்ஜ் டேனியல்ஸ். 1926-ல் பொறந்தவர். பதினோரு பிள்ளைங்க இருந்த வீடு, வறுமைன்னா அப்படி ஒரு வறுமை, அப்பா குடிகாரர். அஞ்சு வயசுல ஒரு வாட்சை ரொட்டி வெட்டற கத்தியால நெம்பித் திறந்து பார்த்திருக்கான் பையன். அன்னிக்கு பிடிச்சது, சாகற வரைக்கும் விடலை. ஆனா பதினாலு வயசுல படிப்பு போச்சு. மெத்தை செய்யற ஃபேக்டரியில வேலை. அப்புறம் 1944-ல் பட்டாளம். மத்தியக் கிழக்குல டியூட்டி பார்த்தப்போ கூட இருந்த சிப்பாய்ங்க வாட்சையெல்லாம் ரிப்பேர் பண்ணிக் கொடுத்திருக்கார். 1947-ல் வெளிய வரும்போது கையில கொடுத்த 50 பவுண்டுல டூல்ஸ் வாங்கினார். பகல்ல ரிப்பேர் வேலை, ராத்திரி கிளார்க்கன்வெல்ல வகுப்பு. 1960-ல்தான் லண்டன்ல சொந்தமா ஒரு கடை.

கொஞ்சம் காசு சேர்ந்ததும் நம்மாளு என்ன பண்ணார்? பழைய கார் வாங்கினார்.

இந்த இடத்துல கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அந்தக் காலத்து இங்கிலாந்துல, அரச குடும்பத்து நிலத்தை மேய்க்கிற கம்பெனி வீட்டுப் பையனும் மெத்தை ஃபேக்டரியில இருந்து வந்த வாட்ச் ரிப்பேர்காரனும் சமமா உக்காந்து பேச எங்கே வாய்ப்பு? படிச்ச பள்ளிக்கூடம் வேற, பேசற இங்கிலீஷ் வேற. வாயைத் திறந்தாலே எந்தத் தெருவுல பொறந்தவன்னு கண்டுபிடிச்சிடற ஊர் அது. ஆனா காருக்கு அடியில படுத்து எழுந்தா எல்லார் மூஞ்சியிலயும் ஒரே கரிதான். 1960-கள்ல அந்த கார் சங்கத்து மூலமா ரெண்டு பேரும் பழகினாங்க. க்ளட்டன் வாட்ச் நிபுணர்னு டேனியல்ஸுக்கு தெரிய வர, பேச்சு கார்ல இருந்து கடிகாரத்துக்கு போச்சு. அரிய பழைய வாட்சுகளை சேர்க்கறவங்களோட உலகத்துக்கு அவரை கூட்டிக்கிட்டுப் போனவர் க்ளட்டன். பாரீஸ்ல 200 வருஷம் முன்னாடி பிரெகேன்னு ஒரு மேதை செஞ்ச வாட்சுகளை எல்லாம் பிரிச்சு சரி பண்ற அளவுக்கு டேனியல்ஸ் வளர்ந்தார். 1965-ல் ரெண்டு பேரும் சேர்ந்து 'வாட்சஸ்'னு புத்தகமே எழுதினாங்க.

அப்புறம் டேனியல்ஸுக்கு ஒரு ஆசை. அடுத்தவன் செஞ்சதை சரி பண்றது போதும், முழு வாட்சை நானே செஞ்சா என்ன? இது எவ்வளவு பெரிய பேராசைன்னா, ஒரு வாட்ச் செய்ய 34 தனித்தனி தொழில்கள் வேணும்னு அந்தத் துறையில ஒரு கணக்கு உண்டு. பல் சக்கரம் வெட்டறவர், முள் செய்யறவர், டயல் கீறுறவர், கேஸ் செய்யறவர்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆள். அதுல 32 தொழிலை டேனியல்ஸ் தனி ஆளா கத்துக்கிட்டார். 1969-ல் முதல் பாக்கெட் வாட்ச் தயார். வாங்கினது யாரு? நம்ம சாம் க்ளட்டன்தான்.

அந்த வருஷத்தைப் பாருங்க. அதே 1969 டிசம்பர் 25-ம் தேதி டோக்கியோவுல செய்கோ கம்பெனி உலகத்தின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வச்சுது. பேட்டரி போட்டா போதும், சாவி வேணாம், நேரம் துல்லியம். பத்துப் பதினஞ்சு வருஷத்துல சுவிட்சர்லாந்து வாட்ச் தொழில்ல ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை போச்சு. சக்கரம் வச்ச வாட்ச் செத்துடுச்சுன்னே எல்லாரும் முடிவு கட்டின நேரம் அது. அப்போ போய் ஒரு ஆள் கையால சக்கரம் ராவிக்கிட்டு இருக்கார்!

டேனியல்ஸ் அதோட நிக்கலை. சாவி கொடுக்கிற வாட்சுல டிக் டிக்னு ஒரு சத்தம் வருதே, அது ஒரு குட்டி நெம்புகோல் பல் சக்கரத்தைப் பிடிச்சுப் பிடிச்சு விடற சத்தம். தாமஸ் மட்ஜ்ங்கற ஆங்கிலேயர் 1755 வாக்குல கண்டுபிடிச்ச ஏற்பாடு. அதுல ஒரே ஒரு வியாதி: பல் சக்கரம் நெம்புகோலோட கல்லு மேல வழுக்கிக்கிட்டுப் போகும், அதனால எண்ணெய் வேணும். எண்ணெய் சில வருஷத்துல கெட்டியாகும், வாட்ச் தடுமாறும். டேனியல்ஸ் 1970-கள்ல அதுக்கு ஒரு மாத்து கண்டுபிடிச்சார். வழுக்கறதுக்குப் பதிலா தள்ளற மாதிரி ஒரு அமைப்பு, எண்ணெயை ரொம்ப நம்பி இருக்க வேணாம். பேரு கோ-ஆக்சியல். மட்ஜுக்கு அப்புறம் 200 வருஷத்துக்கு மேல கழிச்சு இந்த இடத்துல வந்த பெரிய மாற்றம் இதுதான்னு சொல்றாங்க. எண்ணெயும் உராய்வும் என்ன பாடு படுத்தும்னு பழைய பென்ட்லி வச்சிருக்கறவனுக்கு தெரியாதான்னு எனக்கு ஒரு ஊகம்... ஊகம்தான்.

சுவிஸ் கம்பெனிகள் உடனே கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்களான்னா, இல்லை. படி ஏறி ஏறி இறங்கினார். மெனக்கெட்டது கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு. கடைசியில 1999-ல் ஒமேகா அதை வாட்சுல போட்டு வெளியிட்டாங்க. டேனியல்ஸுக்கு அப்போ 73 வயசு.

நடுவுல அவர் லண்டனை விட்டு ஐல் ஆஃப் மேன் தீவுக்கு குடி போயிட்டார். அங்கே வீட்டுல பட்டறை, பக்கத்துல கார் கொட்டகை. க்ளட்டனோட அந்த இட்டாலாவும் பிற்பாடு இவர்கிட்டயே வந்து சேர்ந்தது. இன்னொண்ணு, சிவப்பு கலர் ஒத்தை சீட் பென்ட்லி ப்ளோயர். நாட்டிங்காம் லேஸ் துணி வியாபாரக் குடும்பத்துல வந்த டிம் பிர்கின் 1932-ல் புரூக்லண்ட்ஸ் டிராக்ல மணிக்கு 222 கிலோமீட்டர் போய் ரெக்கார்டு வச்ச அதே வண்டி. சும்மா மூடி வச்சு அழகு பார்க்கலை, ஓட்டினார்.

க்ளட்டன் 1991-ல் காலமானார். டேனியல்ஸ் 2011 அக்டோபர்ல. அடுத்த வருஷம் கார்களையும் வாட்சுகளையும் ஏலம் விட்டாங்க. பிர்கின் பென்ட்லி மட்டும் 40 லட்சம் பவுண்டுக்கு மேல போச்சு. அந்தப் பணம் அவர் பேருல இருக்கிற கல்வி டிரஸ்டுக்கு போய் சேர்ந்தது. கடிகாரத் தொழில், எஞ்சினியரிங், மருத்துவம், கட்டட வேலை படிக்கிற பசங்களுக்கு ஃபீஸ் கட்ட.