சுமைதாங்கிக் கல்: ஆள் வராத வழிக்கு ஒரு கை

ஆரணியிலிருந்து உள்ளே பிரிந்து போகும் ஒரு கிராமத்துச் சாலையில், புளியமரத்தடியில் ஒரு சுமைதாங்கிக் கல் இருக்கிறது. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான். பத்து வருஷமா அந்த வழியாகக் காரில் போய் வருகிறேன், ஒருநாளும் இறங்கிப் பார்த்ததில்லை. போன பொங்கல் லீவில்தான் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். தரையிலிருந்து மேல்கல் 4 அடி 8 அங்குலம்.

ஏன் இந்த உயரம்? இளைப்பாறத்தானே கல், இடுப்பளவு இருந்தால் போதாதா என்றுதான் முதலில் நினைத்தேன். அங்கேதான் நான் தப்பு பண்ணினேன்.

தலையில் 30 கிலோ விறகுக்கட்டு இருக்கிறது என்று வையுங்கள். அதை இறக்குவது பெரிய விஷயமில்லை, பொத்தென்று கீழே போட்டுவிடலாம். மறுபடி தலைக்கு ஏற்றுவதுதான் பிரச்சனை. தரையில் கிடக்கும் கட்டைத் தனி ஆளாகத் தூக்கித் தலையில் வைக்க முடியாது. இன்னொருத்தர் ஒரு கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டும். அதனால் கழுத்து ஒடிந்தாலும் இறக்காமல் நடப்பார்கள்.

கல் தோள் உயரத்தில் இருந்தால் கதையே வேறு. கல்லை ஒட்டி நின்று தலையைச் சாய்த்தால் சுமை அப்படியே நகர்ந்து கல்மேல் உட்காரும். தண்ணி குடித்து, மூச்சு வாங்கி, சும்மாட்டைச் சரிசெய்து, லேசாகக் குனிந்து கட்டை மறுபடி தலைக்கு இழுத்துக்கொள்ளலாம். இன்னொரு ஆள் வேண்டாம். அந்த இன்னொரு ஆள் செய்யும் வேலையைத்தான் கல் செய்கிறது. வழியில் யாரும் வராத நேரத்துக்காக ஒருவர் முன்கூட்டியே கொடுத்துவிட்டுப் போன கை அது.

கொடுத்தவர் யார்? பல ஊர்களில் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் நட்ட கல். சுமையை இறக்காமலே போய்விட்டாள், வழிப்போக்கர்கள் இங்கே சுமை இறக்கும்போதெல்லாம் அவள் பாரமும் குறையும் என்று நம்பிக்கை. எல்லாச் சுமைதாங்கியும் இப்படி வந்ததில்லை. தர்மமாகவே நட்டதும் உண்டு. நான் பார்த்த கல்லில் சுண்ணாம்பு ஏறி எழுத்து மறைந்துவிட்டது. 'உபயம்' என்ற ஒரு சொல் மட்டும் விரலுக்குத் தட்டுப்படுகிறது.

இது நம் பக்கத்துக்கு மட்டுமான வழக்கம் இல்லை. யாழ்ப்பாணத்துப் பழைய தெருக்களில் மடம், கேணி, மாடு உரசிக்கொள்ள ஆவுரோஞ்சிக் கல், கூடவே சுமைதாங்கி என்று இருக்கும். கேரளத்தில் இதற்கு அத்தாணி என்று பேர். அந்தப் பேரிலேயே அங்கே ஊர்கள் உண்டு. நம் வாலாஜா பக்கத்திலும் சுமைதாங்கி என்றே ஓர் ஊர் இருக்கிறது. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் விட்டார்கள். ஆனால் ரயில் வந்ததால் காட்டிலிருந்து விறகு கொண்டுவருகிறவளின் தலைச்சுமை குறைந்துவிடவில்லை.

வழிப்போக்கருக்குச் செய்த தர்மம் என்றதும் நம் வரலாற்றுப் புத்தகங்கள் சத்திரங்களைத்தான் சொல்லும். ராணி மங்கம்மாள் சாலைகள், தஞ்சை மராட்டியர் சத்திரங்கள். அவற்றைக் குறைத்துச் சொல்லவில்லை. 1801-ல் இரண்டாம் சரபோஜி தஞ்சாவூர் ரெசிடென்டுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. தன் முன்னோர் நடத்திய சத்திரங்களை கம்பெனி கைவைக்காமல் காக்கத்தான் அதை எழுதினார். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரலாம் என்று அறிவிப்பார்கள் என்கிறார் அதில். அந்த மணியை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். எல்லாச் சாதியாருக்கும் சோறு உண்டு என்றும் சொல்கிறார். ஆனால் சோறு உண்டு என்பது வேறு, ஒரே பந்தி என்பது வேறு. திண்ணையும் அப்படித்தான், தண்ணீர்ப் பந்தலும் அப்படித்தான். முன்பின் தெரியாதவனுக்குத் தாகம் தீர்த்தார்கள், உண்மை. அவன் யார் என்று தெரிந்த பிறகு தண்ணீர் செம்பில் வந்ததா, உயரத்திலிருந்து கையில் ஊற்றப்பட்டதா என்பதும் உண்மைதான்.

நான் அளந்துகொண்டிருந்தபோது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆயா ஒருவர் வந்து நின்றார். ரோடு அளக்க வந்த ஆபீசர் என்று நினைத்துவிட்டார்.

"கல்ல எடுக்கப் போறீங்களா தம்பி?"

"இல்ல ஆயா, சும்மா பாக்கறேன். நீங்க இதுல சுமை வச்சிருக்கீங்களா?"

"வெக்காம? மலையிலேர்ந்து வெறகு எடுத்தாந்து டவுனுல விப்போம். தெனம் இங்கதான் நிப்போம்."

"வழியில யாராவது தூக்கிவிட மாட்டாங்களா?"

சிரித்தார். "எங்க கட்ட எல்லாரும் தொடுவாங்களா தம்பி? யாரு எவருன்னு பாத்துட்டுதான் கைய வெப்பாங்க. கல்லு கேக்காதுல்ல."

என் கேள்விகளுக்கெல்லாம் இதுதான் பதில் என்று தோன்றியது. கல்லை நட்டவர்களுக்குச் சாதி இல்லாமலா இருந்திருக்கும்? நட்டவர் மனசில் என்ன இருந்ததோ, நட்ட பிறகு கல் யாரிடமும் கேட்கவில்லை. உதவி வாங்குகிறவர் யார் முகத்தையும் பார்த்துத் தயங்கி நிற்க வேண்டியதில்லை, நன்றிகூடச் சொல்ல வேண்டியதில்லை.

இதே சாலையில் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கல் இருந்ததாம். ரோட்டை அகலப்படுத்தியபோது மேல்கல்லைக் கழற்றினார்கள், இப்போது அது ஒரு வாய்க்கால்மேல் பாலமாகக் கிடக்கிறது. போய்ப் பார்த்தேன், மிதித்துத் தாண்டவும் செய்தேன். புளியமரத்தடிக் கல்லுக்குப் பின்னாலும் இப்போது மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு போட்டிருக்கிறது.

உங்கள் ஊர்ப் பாதையில் ஒன்று நின்றுகொண்டிருந்தால் ஒரு போட்டோ எடுத்து, உயரத்தை அளந்து, எழுத்து இருந்தால் படித்து வையுங்கள். முக்கியமாக, அதில் சுமை இறக்கிய யாராவது இன்னும் உயிரோடு இருந்தால் கேட்டுவிடுங்கள். கல் இன்னும் கொஞ்ச நாள் நிற்கும், அவர்கள் நிற்க மாட்டார்கள்.