கணக்கில் வராத ஆட்டங்கள்: பெங்களூரு, மதுரை, மாலே வழியே பெண்கள் ஃபுட்சால்

2026 ஜனவரியில் தாய்லாந்தில் நடைபெற்ற முதல் தெற்காசியப் பெண்கள் ஃபுட்சால் போட்டியில் வங்கதேசம் கோப்பையை வென்றது. அணித்தலைவி சபினா காத்தூன். இந்தப் பெயர் தென்னிந்தியாவிற்குப் புதியதன்று. 2018இல் கிருஷ்ணா ராணி சர்க்காருடன் மதுரையின் சேது எஃப்.சி. கழகத்திற்காக இந்தியப் பெண்கள் லீகில் ஆடியவர் அவர். 2023-24 பருவத்தில் பெங்களூருவின் கிக்ஸ்டார்ட் எஃப்.சி. சட்டையை அணிந்தார். ஆனால் அவருடைய அயல்நாட்டுப் பயணம் மதுரையிலோ பெங்களூருவிலோ தொடங்கவில்லை. 2015இல் மாலத்தீவில், கழக அணி ஒன்றிற்காக, ஃபுட்சால் தளத்தில்தான் தொடங்கியது. நாடுகளுக்கிடையிலான போட்டி தெற்காசியாவில் உருவாவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே ஆட்டக்காரர்கள் கழகத்தின் பெயரால் எல்லை கடந்துவிட்டனர்.

பெண்கள் கழகங்களுக்கான பன்னாட்டு ஃபுட்சால் போட்டி தெற்காசியாவில் இன்றுவரை இல்லை. இல்லாத ஒன்றுக்கு வரலாறு எழுத முடியுமா என்பது நியாயமான ஐயம். முடியும், அந்த இன்மை எவ்வாறு உண்டாயிற்று என்பதே அவ்வரலாறு.

ஃபுட்சாலின் பிறப்பிடம் உருகுவேயின் மொண்டேவிடியோ. 1930இல் அந்நாடு முதல் உலகக்கோப்பையை நடத்தி வென்ற ஆண்டிலேயே, அந்நகரின் ஒய்.எம்.சி.ஏ.வில் உடற்கல்வி ஆசிரியராக இருந்த யுவான் கார்லோஸ் செரியானி, கூடைப்பந்துத் தளத்தின் அளவிற்குள் ஆடத்தக்க ஐவர் கால்பந்தை வகுத்தார். இங்கே கவனிக்கத்தக்க ஒற்றுமை ஒன்று உண்டு. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, தென்னிந்தியப் பள்ளிகளின் விளையாட்டு ஆசிரியர்களைத் தலைமுறை தலைமுறையாக உருவாக்கிய நிறுவனம். கூடைப்பந்தும் கைப்பந்தும் நம் பள்ளி மைதானங்களுக்கு வந்ததில் அவ்வியக்கத்தின் பங்கு பெரிது. அவ்விரண்டும் பெண்கள் பள்ளிகளிலும் எளிதாக வேரூன்றின. அதே இயக்கத்தின் மற்றொரு கிளையில் பிறந்த ஃபுட்சால் மட்டும் தென்னமெரிக்காவிலும் பின்னர் ஐரோப்பாவிலும் தங்கிவிட்டது. பெண்கள் கூடைப்பந்தில் பெங்களூரு எட்டிய உயரத்தைக் காணும்போது இது சிறு இழப்பாகத் தோன்றவில்லை. 2017இல் ஸ்ரீ கண்டீரவா உள்ளரங்கில் நடந்த ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவில் இந்தியப் பெண்கள் கஜகஸ்தானை 75-73 என வென்று பட்டம் பெற்றனர். 2019இலும் ஆசியக் கோப்பை அந்நகருக்கே வந்தது.

இந்தியாவிற்கு ஃபுட்சால் வந்தபோது அது ஆண்களின் காட்சிப்பொருளாகவே வந்தது. 2016இல் சென்னையில் தொடங்கிய தனியார் லீகிற்காக ரொனால்டினோ, ரயன் கிக்ஸ், பால் ஸ்கோல்ஸ் ஆகியோர் அழைத்துவரப்பட்டனர். பெங்களூருவின் பெயரிலும் ஓர் அணி இருந்தது. அனைத்திந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அந்த லீகை ஏற்கவில்லை. கூட்டமைப்பின் சொந்தக் கழகப் போட்டி 2021இல் டெல்லியில் தொடங்கியது, அதுவும் ஆண்களுக்கே. இந்தியப் பெண்கள் தேசிய அணி ஃபுட்சால் தளத்தில் இறங்குவதற்கு 2025 ஜனவரி ஆயிற்று. இந்தோனேசியாவில் நடந்த ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்று அது. உள்நாட்டில் பெண்கள் கழகங்களுக்கு ஒரு போட்டி அமையும் முன்பே தேசிய அணி அமைந்தது. அடித்தளமின்றி மாடி எழுப்பிய கதை.

பெங்களூருவில் இடமில்லை என்றும் சொல்ல இயலாது. நகரெங்கும் வலை கட்டிய செயற்கைப்புல் 'டர்ஃப்'கள் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கின்றன. பல இடங்களில் அதையே ஃபுட்சால் என்கின்றனர். உண்மையில் இரண்டும் வேறு. ஃபுட்சால் கடினத் தளத்தில், அதிகம் எழும்பாத சிறிய பந்தைக் கொண்டு, 20 நிமிடங்கள் வீதம் கடிகாரத்தை நிறுத்தி நிறுத்தி ஆடப்படுவது. பக்கவாட்டில் வலையோ சுவரோ பந்தைத் திருப்பித் தராது. ஒரு பாதியில் ஓர் அணியின் தவறுகள் எண்ணப்படும். ஆறாவது தவறிலிருந்து தடுப்பு அரணின்றி எதிரணிக்கு நேரடி உதை. நெருக்கடியில் பந்தைக் காலடியில் வைத்திருக்கும் திறனுக்கே இங்கு மதிப்பு. ஒக்கலிபுரம், ஸ்ரீராமபுரம் போன்று ரயில் பாதையையும் ஆலைகளையும் ஒட்டித் தமிழ்க் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்துவரும் பகுதிகளில் பந்து ஆடுபவர் எவருக்கும் அந்தத் திறன் தெருவே கற்றுத்தருவது. வாடகைத் திடல் கட்டணம் கேட்கிறது. தெருவோ, ஒரு வயதுக்குமேல் பெண்பிள்ளைக்கு இடம் தருவதில்லை.

பெங்களூருவின் ஆண்கள் கால்பந்துக்கு வரலாறு இருக்கிறது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியா அடித்த ஒரே கோல் சாரங்கபாணி ராமனுடையது, அவர் பெங்களூருக்காரர். இந்நகரக் கால்பந்தைப் பற்றி எழுதும் எவரும் அந்தக் கோலைத் தவறவிடுவதில்லை. 1980இல் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் பெண்கள் வாகையர் போட்டிக்கு அத்தகைய நினைவு வாய்க்கவில்லை. அதில் இந்தியா இரண்டு அணிகளை இறக்கியது: இந்தியா வடக்கு, இந்தியா தெற்கு. இறுதியாட்டம் வரை சென்று சீனத் தைபேயிடம் 0-2 எனத் தோற்றது தெற்கு அணி. போட்டியில் கலந்துகொண்ட மற்றோர் அணி மேற்கு ஆஸ்திரேலியா. நாடன்று, ஒரு மாநிலம். கர்நாடகத்தின் சித்ரா கங்காதரன் போன்றோர் இந்தியாவுக்காக ஆடிய காலமும் இதை ஒட்டியதே.

பாதி நாடும் ஒரு மாநிலமும் பன்னாட்டுப் போட்டியில் ஆட முடிந்ததன் காரணம் எளியது. அன்று பெண்கள் கால்பந்தை நடத்தியவை ஃபிஃபாவோ ஆசியக் கூட்டமைப்போ அல்ல. ஆசியாவில் தனியானதொரு பெண்கள் கால்பந்துக் கூட்டமைப்பும், இந்தியாவில் 1975இல் உருவான பெண்கள் கால்பந்துக் கூட்டமைப்பும் அந்த வேலையைச் செய்தன. ஆண்களின் அமைப்புகள் 1980களிலும் 1990களிலும் அவற்றை உள்வாங்கிக்கொண்டபோது, நிர்வாகம் கைமாறியது. நினைவு முழுதாகக் கைமாறவில்லை. ஃபிஃபாவின் பெண்கள் உலகக்கோப்பை 1991இல் தொடங்கியது என்பதாலேயே பெண்கள் கால்பந்தே அப்போதுதான் தொடங்கியதாக எண்ணும் பழக்கமும் உண்டு.

ஃபுட்சாலில் நிகழ்ந்துகொண்டிருப்பது ஏறத்தாழ இதன் மறுபதிப்பு. ஃபிஃபா ஆண்களுக்கான ஃபுட்சால் உலகக்கோப்பையை 1989இல் தொடங்கியது. பெண்களுக்கான முதல் கோப்பை 2025 டிசம்பரில் பிலிப்பீன்ஸில் நிறைவடைந்தது. இறுதியாட்டத்தில் பிரேசில் 3-0 எனப் போர்ச்சுகலை வென்றது. இடைப்பட்ட 36 ஆண்டுகளில் பெண்கள் ஆடாமலில்லை. 2010 முதல் சில ஆண்டுகள் அதிகாரபூர்வமற்ற உலகப் போட்டி ஒன்று நடந்தது. ஐரோப்பாவில் ஆண்கள் கழகங்களுக்குக் கண்டக் கோப்பை அமைந்துவிட்ட நிலையில், பெண்கள் கழகங்கள் தாமே ஒன்றுகூடித் தங்கள் பன்னாட்டுப் போட்டியை நடத்திக்கொண்டன. அதிகாரபூர்வ முத்திரையுடன் இதைச் செய்தவர்கள் தென்கிழக்காசியர். 2010களின் நடுப்பகுதியில் அப்பகுதியின் கூட்டமைப்பு ஆண்கள் கழகங்களுக்கான ஃபுட்சால் போட்டியோடு பெண்கள் கழகப் போட்டியையும் இணைத்து நடத்தியது. வளம் மிகுந்த ஐரோப்பிய அமைப்பு செய்யாததை அவர்கள் செய்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

தெற்காசியாவில் இந்த இடைவெளியை நிரப்பியவர்கள் தனிமனிதர்கள். மாலத்தீவுக் கழகங்கள் சபினாவைப் போலவே மணிப்பூரின் பாலா தேவியையும் ஆஷாலதா தேவியையும் 2010களின் நடுவில் அழைத்தன. நேபாளத்தின் சபித்ரா பண்டாரி மதுரைக்கு வந்தார். 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் காவல்துறை அணியை வென்று சேது எஃப்.சி. தேசியப் பட்டம் பெற்றதில் அவர் பங்கு பெரிது. மறு ஆண்டு அவரே கேரளத்தின் கோகுலம் அணிக்கு மாறினார். 2020 பிப்ரவரி 14 அன்று பெங்களூரு கால்பந்து மைதானத்தில் நடந்த இறுதியாட்டத்தில் மணிப்பூரின் கிரிப்சாவுக்கு எதிராக, ஆட்டம் முடியும் தறுவாயில் வெற்றிக் கோலை அடித்து 3-2 என முடித்துவைத்தார். ஒரு நேபாளப் பெண், ஒரு மலையாளக் கழகம், மணிப்பூர் எதிரணி, கன்னட நிலம்: பன்னாட்டுக் கழகப் போட்டி என்ற பெயர்ப்பலகை இல்லாமலே அதன் உள்ளடக்கம் அன்று அங்கே இருந்தது.

பெயர்ப்பலகை உள்ள போட்டியிலும் கழகத்தின் நிலை எவ்வளவு மெலிந்தது என்பதை அதே கோகுலம் பின்னர் உணர்ந்தது. 2021இல் ஜோர்டானில் ஆசியக் கழகப் போட்டியில் ஆடிய முதல் இந்தியப் பெண்கள் அணி அது. 2022 ஆகஸ்டில் இரண்டாம் முறையாகத் தாஷ்கந்தில் போய் இறங்கிய வேளையில், இந்தியக் கூட்டமைப்பை ஃபிஃபா இடைநீக்கம் செய்தது. தடை ஆகஸ்ட் 26 அன்று நீங்குவதற்குள் அவர்களது ஆட்டம் கைநழுவிவிட்டது. டெல்லியில் நடந்த நிர்வாகப் பிணக்குக்கான விலையை, அதில் எத்தொடர்புமற்ற பெண்கள் உஸ்பெகிஸ்தான் விடுதி ஒன்றில் செலுத்தினர். தெற்காசியக் கூட்டமைப்பு பெண்கள் கழகங்களுக்கெனப் புல்தரைக் கால்பந்தில் ஒரு போட்டியைத் தொடங்கியது அதற்கும் பின்னர்தான்: 2025 டிசம்பர், காத்மாண்டு, வென்றது கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால்.

சபினாவிடம் திரும்பினால், 2026 கோப்பையின் பொருள் சற்றுக் கனக்கிறது. 2022, 2024 என இருமுறை தெற்காசியக் கால்பந்துப் பட்டத்தை வங்கதேசத்திற்குப் பெற்றுத்தந்த அணியின் தலைவி அவர். 2025 ஜனவரி இறுதியில் பயிற்சியாளர் பீட்டர் பட்லருக்கு எதிராக 18 ஆட்டக்காரர்கள் போர்க்கொடி உயர்த்தினர். அவர்களுள் சபினாவும் ஒருவர். அதன்பின் தேசியக் கால்பந்து அணியில் அவருக்கு இடமில்லை. அவரில்லாமலேயே அந்த அணி 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. ஆகவே பயிற்சியாளரின் முடிவு தவறென்று எளிதில் தீர்ப்புரைக்கவும் முடியாது. ஓராண்டு கழித்து அவர் மீண்டும் நாட்டின் தலைவியாக நின்ற இடம், 2015இல் மாலத்தீவில் அவர் அயல்மண்ணில் முதன்முதலாக ஆடிய அதே ஆட்டத்தின் தளம்: ஃபுட்சால்.