கோவைப் படிப்பு நம்ம கொல்லைக்கு வந்த கதை



மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தரணும்னு கூட்டத்துல சொன்னாங்க. தர்மபுரி மாவட்டத்து வரலாறுன்னா எல்லாரும் அதியமான், ஔவையார், நெல்லிக்கனின்னுதான் ஆரம்பிப்பாங்க. அது பெரிய பெருமைதான். ஆனால் நம்ம கண்ணெதிரே நடந்ததும் வரலாறுதானே? அதை யாரும் எழுதி வைக்கலைன்னா நம்ம பிள்ளைகளுக்குத் தெரியாமலே போயிடும். அதனால, கோயம்புத்தூர்ல இருக்கிற ஒரு பல்கலைக்கழகம் நம்ம மாவட்டத்துக் கொல்லைகளுக்கு வந்ததைப் பத்தி எழுதுறேன். நான் பத்தாம் வகுப்பு வரைக்கும்தான் படிச்சவள். தெரிஞ்சதைத் தெரிஞ்ச மாதிரி எழுதியிருக்கேன்.

பல்கலைக்கழகம் யாருக்கு?

பல்கலைக்கழகம்னா பெரிய கட்டடம், பட்டம், கறுப்பு அங்கி, இதுதான் நமக்கு ஞாபகம் வரும். நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு தோணும். ஆனால் விவசாயத்துக்கான பல்கலைக்கழகங்கள் ஆரம்பிச்சதே வேற எண்ணத்துல. அமெரிக்காவுல 1862-ல ஒரு சட்டம் போட்டு, அரசு நிலத்தைக் கொடுத்து, உழவும் தொழிலும் சொல்லித் தர கல்லூரிகளை உண்டாக்கினாங்க. படிப்பு, ஆராய்ச்சி, அதைக் கிராமத்துக்குக் கொண்டுபோறது, இந்த மூணும் ஒரே இடத்துல இருக்கணும்கிறது பின்னாடி அந்தக் கல்லூரிகளோட வழக்கமாச்சு. அதே மாதிரியில இந்தியாவுல முதல் வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1960-ல வடக்கே பந்த்நகர்ல ஆரம்பமாச்சு.

நம்ம தமிழ்நாட்டு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு வேர் இன்னும் பழசு. 1868-ல சென்னை சைதாப்பேட்டையில ஒரு வேளாண்மைப் பள்ளிக்கூடமா ஆரம்பிச்சது, 1906-ல கோயம்புத்தூருக்கு வந்து, 1971-ல பல்கலைக்கழகம் ஆச்சு. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல புதுச்சேரியில தொடங்கினப்போ, அதை நடத்துற பொறுப்பும் இந்தப் பல்கலைக்கழகத்துக்கிட்டதான் இருந்தது. அந்த மாதிரி நிலையம் இன்னைக்கு நம்ம மாவட்டத்துல பாப்பாரப்பட்டியில இருக்கு. சுப்பிரமணிய சிவா கடைசிக் காலத்துல வாழ்ந்து மறைஞ்ச அதே ஊர்தான்.

காவேரிப்பட்டணம் பக்கத்துல பையூர்லயும் அவங்க ஆராய்ச்சி நிலையம் இருக்கு. ராகி, சாமை, கொள்ளு, மானாவாரித் தக்காளி இதுலெல்லாம் "பையூர்" பேர்ல ரகங்கள் வந்திருக்கு. நாம கிண்டுற களிக்கும் கடையுற கொள்ளுக்கும் பின்னாடி ஒரு ஆராய்ச்சி இருக்குன்னு நம்மள்ல எத்தனை பேருக்குத் தெரியும்?

1989: தர்மபுரியில விழுந்த விதை

இந்த இடத்துல நம்ம குழுக்களோட கதையையும் சேர்த்துச் சொல்லணும். தமிழ்நாட்டுல மகளிர் சுய உதவிக் குழு முதல்ல ஆரம்பிச்சது நம்ம தர்மபுரி மாவட்டத்துலதான். 1989-ல சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியத்தோட உதவியில, மகளிர் மேம்பாட்டு நிறுவனம் மூலமா இங்கே தொடங்கினாங்க. அப்போ கிருஷ்ணகிரியும் நம்ம மாவட்டத்தோடதான் இருந்தது. பின்தங்கின மாவட்டம்னு சொல்லித்தான் நம்மளைத் தேர்ந்தெடுத்தாங்க. அது நல்லா நடந்ததைப் பார்த்துட்டு வேற மாவட்டங்களுக்கும் போச்சு. 1997-ல மகளிர் திட்டமா மாநிலம் பூராவும் பரவினது அப்புறம்தான்.

வாரம் ஒரு கூட்டம், தீர்மான நோட்டு, சேமிப்பு, உள்கடன், கையெழுத்து. வெளியூர்க்காரங்க இதைச் சின்ன விஷயம்னு நினைச்சாங்க. ஆனால் பதினஞ்சு வருசம் கழிச்சு பல்கலைக்கழகம் இங்கே வந்தப்போ, விவசாயிகள்கிட்டயும் இதே மாதிரி கூட்டம், நோட்டு, ஒண்ணா சேர்ந்து வாங்கறதுன்னு பழக்கித்தான் ஜெயிச்சாங்க. அதை அடுத்துச் சொல்றேன்.

2004: துல்லிய பண்ணையம்

2004 பிப்ரவரியில கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆச்சு. அதே 2004-05-லதான் தமிழ்நாடு துல்லிய பண்ணையத் திட்டம் தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் ஆரம்பமாச்சு. அரசு பணம் கொடுத்தது, வேளாண்மைப் பல்கலைக்கழகம் நடத்தினது. பொறுப்பு அதிகாரியா இருந்தவர் பேராசிரியர் வடிவேல். மூணு வருசத்துக்கு 7 கோடியே 20 லட்சம் ரூபாய், 400 ஹெக்டேர். நம்ம கணக்குல கிட்டத்தட்ட ஆயிரம் ஏக்கர்.

அதுக்கு முன்னாடி இருந்த வறட்சியை நாற்பது வயசுக்கு மேல இருக்கிறவங்க யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. கிணறு வத்திப் போச்சு, போர் போட்டா புகைதான் வந்தது. ஊர்ல பாதி பேர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிட்டாங்க. இந்த நேரத்துல சார்மாருங்க வந்து "சொட்டுநீர்க் குழாய் சும்மா போட்டுத் தர்றோம்"னு சொன்னா யார் நம்புவாங்க? "நிலத்தை எழுதி வாங்கிக்குவாங்களோ"ன்னு பயந்தவங்க உண்டுன்னு எங்க மாமனார் சொல்வார். சொட்டு சொட்டா விழுற தண்ணியில செடி பிழைக்குமான்னு சிரிச்சவங்களும் உண்டாம்.

அதனால முதல் வருசம் 100 ஹெக்டேருக்கு முழு மானியம் கொடுத்தாங்க. ஒரு விவசாயிக்கு ஒரு ஹெக்டேர். சொட்டுநீர் அமைக்க 75,000 ரூபாய், உரம் முதலான சாகுபடிச் செலவுக்கு 40,000 ரூபாய். ரெண்டாவது வருசம் 200 ஹெக்டேர், மானியம் 90 சதவீதம். மூணாவது வருசம் 100 ஹெக்டேர், 80 சதவீதம். மானியம் குறையக் குறைய சேர்றவங்க குறையணும்தானே? அப்படி நடக்கலை. பக்கத்துக் கொல்லையில விளைஞ்சதைக் கண்ணால பார்த்தவங்க கைக்காசு போட்டும் சேர வந்தாங்க. ஆயிரம் கூட்டம் போட்டுச் சொன்னாலும் ஏறாதது ஒரு விளைஞ்ச காட்டைப் பார்த்தா ஏறும்.

அப்படி என்னதான் புதுசா செஞ்சாங்க?

முதல்ல உளிக்கலப்பை. வருசக்கணக்கா டிராக்டர் ஓட்டி அடிமண் கல்லு மாதிரி இறுகிக் கிடக்கும். அதை ஆழமா கீறி விட்டா வேரும் தண்ணியும் கீழே இறங்கும்.

ரெண்டாவது, குழித்தட்டு நாற்று. முன்னாடி பாத்தியில விதையைத் தூவி, நாத்தைப் பிடுங்கி நடுவோம். வேர் அறுந்து பாதி செத்துப் போகும். இப்போ 98 குழி இருக்கிற தட்டுல தென்னை நார்க் கழிவை நிரப்பி, குழிக்கு ஒரு விதை போட்டு, நிழல்வலைக்குள்ள வளர்க்கிறாங்க. வேர் முழுசா மண்ணோட வரும், எல்லாச் செடியும் ஒரே சீரா நிக்கும். வீரிய ரக விதை தங்கம் மாதிரி விலை விக்கிறப்போ ஒரு விதைகூட வீணாகக் கூடாதில்லையா?

மூணாவது, சொட்டுநீரோட உரம். உரத்தைத் தண்ணியில கரைச்சு, குழாய் வழியா வேருக்கே கொடுக்கிறது. வாய்க்கால்ல பாய்ச்சினா களைக்கும் சேர்த்துத்தான் பாயும். இதுல செடிக்கு மட்டும் போகும். எந்த வாரம் எந்த உரம் எவ்வளவுன்னு அட்டவணை போட்டுக் கொடுத்தாங்க. சொட்டுநீர் இஸ்ரேல் நாட்டுல சிம்கா பிளாஸ்ங்கிற ஒரு பொறியாளர் உருவாக்கினது. பாலைவனத்துக்குன்னு வந்த யோசனை நம்ம செம்மண்ணுக்கும் பொருந்திச்சு.

எல்லாத்தையும் விட முக்கியமானது நாலாவது. விவசாயிகளைத் துல்லிய பண்ணைய சங்கங்களா பதிவு செஞ்சாங்க. மாசாமாசம் கூட்டம். ஒருத்தர் காட்டுல வந்த நோயை எல்லாரும் போய்ப் பார்க்கிறது. விதை, உரம், மருந்தை மொத்தமா பேரம் பேசி வாங்கிறது. வியாபாரிகிட்ட சங்கமா நின்னு விலை பேசுறது. திட்டம் 2007-ல முடிஞ்சாலும் சங்கம் நின்னது. பின்னாடி அந்த விவசாயிகளே பங்கு போட்டு ஒரு கம்பெனியும் ஆரம்பிச்சாங்க. தேசிய வேளாண்மை வளர்ச்சித் திட்டம் மூலமா இந்த முறை மத்த மாவட்டங்களுக்கும் போச்சு. இன்னைக்குத் தமிழ்நாட்டுல சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீருக்கு 100 சதவீத மானியம் உண்டு. மாரண்டஹள்ளி, பாலக்கோடு பக்கம் தக்காளிக் காட்டுல கறுப்புக் குழாய் இல்லாத இடத்தைத் தேடணும். அன்னைக்கு அதைப் பார்த்துச் சிரிச்ச ஊர் இது.

நம்ம பேரு எங்கே?

இவ்வளவு பெருமையும் சொல்லிட்டு இதைச் சொல்லாம விட்டா வரலாறு முழுசா ஆகாது. தட்டு நிரப்புறது யாரு? பொம்பளைங்க. நாத்து நடுறது, களை எடுக்கிறது, தக்காளி பறிக்கிறது, தரம் பிரிச்சு கிரேடுல போடுறது, பட்டுப்புழுவுக்கு ராத்திரி எழுந்து தழை போடுறது எல்லாம் நாமதான். நானும் ரெண்டு சீசன் நாத்துப் பண்ணைக்குத் தட்டு நிரப்பப் போயிருக்கேன். ஆனால் பயிற்சிக்குப் பேர் கொடுக்கச் சொன்னா ஆம்பளை பேருதான் போகும். ஏன்னா மானியத்துக்குப் பட்டா வேணும், சிட்டா வேணும், அடங்கல் வேணும். அதுல நம்ம பேர் இல்லை.

இதுவும் 1989-ல ஆரம்பிச்ச கதைதான். நம்ம குழு பிறந்த அதே வருசத்துல, தமிழ்நாட்டுல பெண்ணுக்கும் குடும்பச் சொத்துல சம பங்குன்னு சட்டம் வந்தது. நாடு முழுக்க வந்தது 2005-ல. சட்டம் வந்து இத்தனை வருசம் ஆகியும் எத்தனை சகோதரிகள் பேர்ல பட்டா இருக்கு? நிலமே இல்லாத, கூலிக்குப் போற சகோதரிகள் நிலைமை இன்னும் பின்னாடி. பல்கலைக்கழகம் நாற்று வளர்க்கச் சொல்லிக் கொடுத்தது. அந்த நாத்துப் பண்ணைக்கு முதலாளியா யாரு ஆகணும், கூலியா யாரு போகணும்கிறதை அது முடிவு பண்ணலை. அதை நாமதான் முடிவு பண்ணணும்.

இன்னும் ரெண்டு பாடம்

தண்ணி விஷயம். சொட்டுநீர்ல தண்ணி மிச்சமாகுது, உண்மைதான். ஆனால் மிச்சமான தண்ணியை நாம பூமிக்குள்ள விட்டு வைக்கிறோமா? இன்னும் ஒரு ஏக்கர் கூடப் பயிர் வைக்கிறோம். போர் இன்னும் ஆழமா போகுது. நீடிச்சு நிக்கிற வளர்ச்சின்னா, என் பேத்தி காலத்துலயும் இந்தக் கிணத்துல தண்ணி இருக்கணும். குழாயோட பண்ணைக் குட்டையும், ஏரி தூர் வாரறதும், கொஞ்சம் ராகி, சாமை, அவரை போடுறதும் சேர்ந்தாத்தான் அது நடக்கும்.

விலை விஷயம். விளைச்சல் கூடினா எல்லாருக்கும் ஒரே நேரத்துல கூடுது. தக்காளி கிரேடு ஏத்துற கூலிக்குக்கூட விலை போகாம ரோட்டோரம் கொட்டினதை நாம எல்லாரும் பார்த்திருக்கோம். விளைய வைக்கிற படிப்பு வந்துடுச்சு. விளைஞ்சதைக் காப்பாத்துற படிப்பு, காய வைக்கிறது, தொக்கு, ஊறுகாய், பொடி, பேக்கிங், லைசென்ஸ், இதெல்லாம் இன்னும் நம்ம வீட்டு வாசலுக்கு வரலை. அதுக்கும் பல்கலைக்கழகத்துல பாடம் இருக்கு. கேட்டாத்தான் வரும்.

கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள்

ஒண்ணு, பாப்பாரப்பட்டி நிலையத்துக்குக் கூட்டமைப்பு பேர்ல மனு கொடுத்து, பயிற்சியை நம்ம பக்கம் கிராமத்துலயே, மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல வைக்கச் சொல்லிக் கேட்கலாம். காலையில சமையல், மாடு, பிள்ளைங்க ஸ்கூல் எல்லாம் முடிச்சுட்டு பஸ் பிடிச்சுப் போக நம்மால முடியாது.

ரெண்டு, குழுக் கடன்ல ஒரு நிழல்வலை நாத்துப் பண்ணை ஆரம்பிக்கலாம். நமக்குக் கை வேலை தெரியும். நிலம் ஒரு சில சென்ட் குத்தகைக்குக் கிடைச்சாப் போதும்.

மூணு, ஒவ்வொரு குழுவும் உறுப்பினர்கள் கொல்லை மண்ணை எடுத்து மண் பரிசோதனைக்கு அனுப்பலாம். எந்த உரம் வேணும், எது வேண்டாம்னு தெரிஞ்சாலே கடைக்காரர் சொல்றதைக் கண்ணை மூடிக்கிட்டு வாங்க மாட்டோம்.

நாலு, கூட்டுப் பட்டாவுக்கு முகாம் போடச் சொல்லி தீர்மானம் நிறைவேத்தலாம்.

படிச்சவங்க நம்ம ஊருக்கு வந்தது மட்டும் போதாது. நம்ம கேள்வியும் அவங்க ஊருக்குப் போகணும். கொல்லையில நிக்கிறவளுக்குத்தான் இலை எந்த நாள் சுருண்டதுன்னு தெரியும். அதை ஆராய்ச்சி பண்றவங்க கேட்டுக்கிட்டா ரெண்டு பேருக்கும் லாபம். 1989-ல சேமிப்பு நோட்டைக் கையில எடுத்துக் கையெழுத்துப் போடப் பழகின அம்மாக்கள், அக்காக்கள் நம்மளை இவ்வளவு தூரம் கொண்டு வந்து விட்டிருக்காங்க. அடுத்த மலர் போடும்போது இந்த நாலுல ரெண்டாவது நடந்திருக்கணும்.