ஆப் ஸ்டோர் விதிகளும் ஜி.பி.எல். உரிமமும்: ஒரு மோதலின் வரலாறு

குனு பொது உரிமம் எனப்படும் ஜி.பி.எல்., பதிப்புரிமைச் சட்டத்தையே கருவியாகக் கொண்டு மென்பொருளின் சுதந்திரத்தைக் காக்கிறது. 1989இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் உருவாக்கிய இவ்வுரிமத்தின்படி, மென்பொருளை யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பிறருக்கு வழங்கலாம். வழங்குபவர் மூலநிரலும் கிடைக்கச் செய்ய வேண்டும். 1991இல் வந்த இரண்டாம் பதிப்பின் 6ஆம் பிரிவு, பெறுபவரின் இந்த உரிமைகள்மீது வழங்குபவர் புதிய தடை எதையும் விதிக்கக் கூடாது என்கிறது. பின்னாளில் ஆப்பிளின் கடை விதிகள் வந்து முட்டியது இந்தப் பிரிவில்தான்.

அதற்கு முன்பே வேறொரு வடிவில் சிக்கல் எழுந்தது. டிவோ என்ற அமெரிக்க நிறுவனத்தின் தொலைக்காட்சிப் பதிவுப் பெட்டி, ஜி.பி.எல். உரிமம் கொண்ட லினக்ஸில் இயங்கியது. நிறுவனம் மூலநிரலை வெளியிட்டது. ஆனால் ஒருவர் அதைத் திருத்தி ஏற்றினால், டிஜிட்டல் கையொப்பம் பொருந்தாததால் பெட்டி இயங்க மறுத்தது. எழுத்தளவில் உரிமத்தைப் பின்பற்றியபடியே திருத்தும் உரிமையைச் செல்லாக்காசாக்க முடியும் என்பதை இது காட்டியது. 2007 ஜூன் 29 அன்று வெளியான மூன்றாம் பதிப்பு, நுகர்வோர் சாதனங்களில் இந்த வழியை அடைத்தது. லினக்ஸ் கருநிரலோ இரண்டாம் பதிப்பிலேயே நின்றுவிட்டது.

2008இல் ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரைத் திறந்தது. அங்கே பெறும் செயலிகளைச் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே, ஐந்து சாதனங்களில் மட்டுமே வைத்துக்கொள்ளலாம் என்று அதன் விதிகள் கூறின. எத்தனை படி வேண்டுமானாலும் எடுக்கலாம், யாருக்கும் கொடுக்கலாம் என்னும் உரிமத்தோடு இது ஒத்துப்போகாது. 2010 மே மாதம் குனு கோ என்ற விளையாட்டு தொடர்பாகக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை முறையிட்டபோது, ஆப்பிள் விதியை மாற்றவில்லை, விளையாட்டை நீக்கியது.

அதே ஆண்டு விஎல்சி என்ற காணொளி இயக்கி ஐபேடுக்கு வந்தது. பாரிஸ் மாணவர்களின் கல்லூரித் திட்டமாகத் தொடங்கி, 2001இல் ஜி.பி.எல். உரிமத்தில் வெளியான மென்பொருள் இது. இதன் நிரலில் ஒவ்வொருவரும் எழுதிய பகுதி அவரவர் பதிப்புரிமையிலேயே இருந்ததால், ஒருவர் மறுத்தாலும் அதைக் கடையில் வைக்க முடியாது. பங்களிப்பாளர்களுள் ஒருவரான ரெமி டெனி-கூர்மோன் ஆட்சேபித்தார்; 2011 ஜனவரியில் செயலி நீக்கப்பட்டது. பயனர் பலரின் கோபம் அவர்மீது பாய்ந்தது. அது நியாயமன்று. தடை விதித்தது கடை. தம் நிரலுக்குத் தாம் வைத்த நிபந்தனையைத்தான் அவர் நினைவூட்டினார்.

மீண்டும் நுழைவதற்கான விலையை விஎல்சி குழுவே கொடுக்க நேர்ந்தது. பழைய பங்களிப்பாளர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்து, ஒப்புதல் வாங்கி, 2011 இறுதியில் இயக்கியின் மைய நிரலைத் தளர்வான எல்.ஜி.பி.எல். உரிமத்துக்கு மாற்றினார்கள். 2013 ஜூலையில் ஐஓஎஸ் செயலி மோசில்லா பொது உரிமத்தையும் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தது. வளைந்தது உரிமமே, கடையன்று.

மூன்றாம் பதிப்பின் தடம் மேக் கணினியிலும் தெரிகிறது. பாஷ் என்னும் கட்டளைச் செயலியின் 4.0 பதிப்பு, 2009இல், ஜி.பி.எல். மூன்றாம் பதிப்புக்கு மாறியது. ஆப்பிள் அதை எடுத்துக்கொள்ளவில்லை. 2019இல் மேக் இயங்குதளத்தின் கேட்டலினா பதிப்பில், தளர்வான உரிமம் கொண்ட இசட்-ஷெல் என்னும் வேறொரு கட்டளைச் செயலியை இயல்பிருப்பாக்கியது. அதன் பிறகும் மேக்கோடு வந்த பாஷ், 2006இல் முதலில் வெளியான 3.2 வரிசையைச் சேர்ந்ததே.