விஹார் ஏரியும் குடிசைக் குழாயும்

பிழைப்பை நாடி வேற்று மாநிலம் வந்த நாம், வீடு தேடும்போது முதலில் கேட்பது, "தண்ணீர் வசதி எப்படி?" என்பதே. மும்பை மாநகரில் இக்கேள்விக்குரிய விடை நெடுங்காலமாக ஆளுக்கேற்ப மாறியே வந்திருக்கிறது.

பம்பாய் என வழங்கிய அந்நாளில் மக்கள் கிணறுகளையும் குளங்களையுமே நம்பியிருந்தனர். 1854-இல் கடும் நீர்ப்பஞ்சம் வந்தது. கால்நடைகளை மாஹிம் பக்கம் ஓட்டிவிட்டு, படகிலும் புகைவண்டியிலும் நீர் கொணர்ந்து கிணறுகளில் நிரப்பினர். அதன்பின் மிட்டி ஆற்றின் தலைப்பில் அணை எழுந்தது. 1860-இல் விஹார் ஏரி நீர் நகரை அடைந்தது. 1879-இல் துளசி ஏரியும், 1892-இல் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தான்சா ஏரியும் உடன் சேர்ந்தன.

கிணற்று நீரில் மலேரியாக் கொசு வளர்கிறதென 1911-இல் டாக்டர் பென்ட்லி அறிக்கை தந்தார். கிணறுகள் பலவும் மூடப்பட்டன. (பார்ஸி சமூகத்தார் புனிதமெனப் போற்றும், 1725-ஆம் ஆண்டின் பீக்கா பேராம் கிணறு சர்ச்கேட் அருகே இன்றும் இருக்கிறது.) நோயைத் தடுக்க அது நல்ல ஏற்பாடே. ஆயினும் கிணறு போனபின், குழாயில்லாதவருக்குப் போக்கிடமில்லை.

அத்தகையோருள் நம்மவரும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிச் சீமையினின்று தோல் பதனிடுவோர் தாராவியில் குடியேறினர். விஹாரில் அணையிட்ட அதே மிட்டி ஆறுதான் தாராவியின் ஓரமாகக் கடலை அடைகிறது. தலைப்பு நீர் நகருக்கு. கழிவு சுமந்த கடைமடை இவர்களுக்கு!

1976-இல் அரசு குடிசைகளைக் கணக்கெடுத்து, புகைப்படச் சீட்டு வழங்கியது. சீட்டுள்ளோர் பலர் கூடி ஒரு குழாய் பெறலாயினர். பின்னர் 1995 ஜனவரி 1, அதற்கும் பின்னர் 2000 ஜனவரி 1 என வரம்பு நாட்கள் விதிக்கப்பட்டன. அந்நாளுக்குப்பின் எழுந்த குடிசைக்கு நெடுங்காலம் குழாய் தரப்படவில்லை. குடத்துக்கு இவ்வளவென விலை கொடுத்தே வாங்கவேண்டியிருந்தது. குழாய் பெற்றவருக்கும் அளவு வேறு: கட்டடவாசிக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், குடிசைவாசிக்கு 45 லிட்டர் என்பதே மாநகராட்சி நெடுங்காலம் கொண்ட கணக்கு.

அந்த 45 லிட்டரும் தூயதாக வருவதில்லை. நீர் விடுவது சில மணி நேரமே. நிறுத்தியதும் குழாயினுள் அழுத்தம் தாழ்கிறது. சாக்கடையூடே செல்லும் குழாயில் விரிசல் இருப்பின், வெளிக்கழிவு உள்ளே இழுக்கப்படுகிறது. மறுநாள் குடத்தில் முதலில் விழுவது அதுவே. பாண்டூப் நிலையத்தில் சுத்திகரிக்கப்பெற்ற நீர், குடிசை வாயிலில் வாந்திபேதியும் காமாலையும் தருவது இவ்வாறுதான்.

வரம்பு நாள் வழக்கு நீதிமன்றம் ஏறியது. அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு காக்கும் உயிர்வாழும் உரிமையில் குடிநீரும் அடங்கும். குடிசை சட்டவிரோதமானது என்பதற்காக அதில் வாழ்பவருக்கு நீரை அடியோடு மறுத்தலாகாது என 2014 டிசம்பர் 15-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முறைப்படி வாழ்வோர்க்கு நிகராக அளிக்கவேண்டியதில்லை என்றும் அதே தீர்ப்பு கூறியது.