குடிவழிப் பதிவும் குடியுரிமையும்

குடிவழி வரலாறு என்பது அரசர்க்கும் பெருஞ்செல்வர்க்குமே உரியது என்று கருதுவோர் பலர். இரு தலைமுறைக்கு முன் பேரன் பெயரையே மறந்துவிட்ட தோட்டப்புற மக்களுக்கு அது எதற்கு என்றும் வினவுவர். இவ்வினாவிற்கு விடை காண, நெகிரி செம்பிலான் தோட்டங்களின் வரலாற்றைச் சற்று விலகி நின்று, இங்கிலாந்திலிருந்து தொடங்கிப் பார்ப்போம்.

பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பார் தோற்றுவித்த கிறித்துவச் சமயப் பிரிவினர் குவேக்கர் எனப்பட்டனர். இவர்கள் ஆணையிட்டு உறுதி கூற மறுத்தனர். படைக்கலம் ஏந்தவும் மறுத்தனர். அதனால் பல்கலைக்கழகக் கதவுகளும் அரசுப் பதவிகளும் இவர்களுக்கு நெடுங்காலம் அடைபட்டிருந்தன. எஞ்சியது வணிகமும் தொழிலுமே. சொன்ன சொல் தவறாமையே இவர்தம் முதற்பொருளாயிற்று. 1690ஆம் ஆண்டில் ஜான் ஃபிரீம், தாமஸ் கூல்டு என்னும் இரு குவேக்கர்கள் இலண்டனில் பொற்கொல்லர் வங்கி தொடங்கினர். 1736இல் ஃபிரீமின் மருமகன் ஜேம்ஸ் பார்க்ளே அதன் பங்காளியானார். இன்றும் நின்று நிலவும் பார்க்ளே வங்கியின் பெயர் இம்மருமகனால் வந்ததேயாகும். 1709இல் கற்கரி கொண்டு இரும்பு உருக்கிய ஆபிரகாம் டார்பியும், 1824இல் பர்மிங்காமில் கடை திறந்த ஜான் காட்பரியும் இம்மரபினரே.

இக்குடும்பங்கள் தம்முள்ளேயே மணவினை கொண்டன. மரபிற்கு வெளியே மணந்தவரைச் சங்கத்தினின்று நீக்கும் வழக்கம் 1860ஆம் ஆண்டளவு வரை நீடித்தது. ஆகவே வங்கியின் கிளையும் குடும்பத்தின் கிளையும் ஒன்றாகவே வளர்ந்தன. பிறப்பு, திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் இவர்கள் தம் கூட்டங்களின் ஏடுகளில் தவறாது பதிந்து வைத்தனர். 1840ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அவ்வேடுகள் அரசிடம் ஒப்படைக்கப்பெற்று, நீதிமன்றம் ஏற்கும் சான்றுகளாயின. ஒதுக்கப்பட்ட சிறுபான்மையினர் தம் பதிவுகளாலேயே தம் உரிமையை நிலைநாட்டிக்கொண்டனர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

இவ்வரலாறு நம் தோட்டங்களைத் தொடும் இடம் ஒன்றுண்டு. 1844ஆம் ஆண்டில் லிவர்பூல் நகரில் டேனியல் ஹாரிசன், ஸ்மித் ஹாரிசன், ஜோசப் கிராஸ்ஃபீல்டு என்னும் குவேக்கர் மூவர் தேயிலை வணிகம் தொடங்கினர். ஹாரிசன்ஸ் அண்டு கிராஸ்ஃபீல்டு என்னும் அந்நிறுவனம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர்தர் லாம்பார்டு போன்ற புதிய பங்காளிகளின் முயற்சியால் மலாயாவின் ரப்பர்த் துறையில் இறங்கியது. பின்னர் இந்நாட்டின் மிகப் பெரிய தோட்ட நிறுவனங்களுள் ஒன்றாயிற்று. 1982இல் அதன் மலேசியத் தோட்டங்கள் மலேசியர் வசமாயின. 1990இல் கோல்டன் ஹோப் எனப் பெயர் பெற்று, 2007இல் சைம் டார்பியுடன் இணைந்தன. இதனையும் நம்மால் ஆண்டு தவறாது சொல்ல முடிகிறது. ஏனெனில் ஏடு இருக்கிறது.

மலாயாவில் வட்டித் தொழில் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார்க்கும் ஏடு உண்டு. ஒன்பது கோயில்களைக் கொண்டு அவர்தம் குடிவழி வகுக்கப்பட்டுள்ளது. திருமணத்தின்போது இசைகுடிமானம் எழுதப்பெறுகிறது. மணமான ஒவ்வோர் இணையும் கோயிலில் ஒரு புள்ளியாகக் கணக்கிடப்பெறுகிறது.

இனி, முதலும் கடனும் இட்டவர்களை விட்டு, உழைப்பை இட்டவரைக் காண்போம். 1891இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. பின்னர் லாபு, ரந்தாவ், சிலியாவ், பகாவ் வட்டாரங்களில் காடழித்து ரப்பர் நட்டவருள் தமிழர் மிகப் பலர். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுற்ற பின்னரும் கங்காணிமுறை 1938 வரை தொடர்ந்தது. அவ்வாறு வந்தவரின் பெயர் எங்கே எழுதப்பட்டது? கிராணியின் செக்ரோலில் எழுதப்பட்டது. அதுவும் நாட்கூலி கணக்கிடவே எழுதப்பட்டது. தந்தை பெயருக்கும் பிறந்த ஊருக்கும் அங்கு இடமில்லை. தோட்டத்துக் கோயிலில் நடந்த திருமணங்கள் பல பதிவு பெறவில்லை. 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச்சில் நடப்புக்கு வந்த பின்னரே பதிவு கட்டாயமாயிற்று.

இதன் விளைவு ஏட்டளவில் நிற்கவில்லை. 1968ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால், குடியுரிமை இல்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெற வேண்டியதாயிற்று. இம்மண்ணிலேயே பிறந்தும், பிறப்புச் சான்று காட்ட இயலாமையால் சிவப்பு அடையாள அட்டையுடனேயே மூப்படைந்தவர் உண்டு. முப்பது ஆண்டு பால் வெட்டிய கைகள் சான்றாகவில்லை. ஒரு தாள் இருந்திருந்தால் அது சான்றாகியிருக்கும். குவேக்கரின் ஏடும் தொழிலாளியின் ஏடின்மையும் நமக்கு உரைப்பது இதுவே: பதிவு என்பது பெருமைக்குரிய அணிகலன் அன்று, வாழ்வுரிமையின் வேர்.

நெகிரி செம்பிலானில் தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்கள் இடிகின்றன; இடுகாடுகளும் மறைகின்றன. ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மாணவரும் தம் பாட்டன் பாட்டியின் பெயர், பிறந்த ஊர், வந்த கப்பல், வேலை செய்த தோட்டம், மணமுடித்த கோயில் ஆகிய ஐந்தையும் கேட்டு எழுதி வரச் செய்யலாம். பழைய தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகளைக் கறையானுக்கு விடாது காக்கலாம். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும், கேட்கும் பொறுமையும் போதும்.

கேட்டால் சொல்லக்கூடிய முதியோர் இன்னும் சிலர் நம்மிடையே உள்ளனர். அவர்கள் இருக்கும்போதே எழுதிக்கொள்வோமாக.