கரண்ட் விளையிற ஊரும் பேட்டரிப் பெட்டியும்

"நெய்வேலி பக்கத்துலயே இருக்கு, உங்க ஊர்ல எதுக்குங்க இன்வெர்டர்?" காடாம்புலியூர்ன்னு சொன்னதும் வெளியூர்க்காரங்க பலர் என்னிடம் கேட்கிற கேள்வி இது. பண்ருட்டியிலிருந்து வடலூர் போற சாலையில், பலாவுக்கும் முந்திரிக்கும் நடுவில இருக்கிற ஊர். அடுத்தாப்ல நெய்வேலி. கேள்வி நியாயமானதுதான். பதில் சொல்லக் கொஞ்சம் பழங்கதை வேணும்.

1956-இல் நெய்வேலி நிறுவனம் பதிவானது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961-இல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. 1962-இல் சோவியத் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையத்தின் முதல் 50 மெகாவாட் யூனிட் ஓடத் தொடங்கியது. 1970 வாக்கில் அதே நிலையம் 600 மெகாவாட்டாக வளர்ந்துவிட்டது.

இந்தக் கதையில் யாரும் அதிகம் பேசாத ஒரு அறை உண்டு. எந்த அனல்மின் நிலையத்திலும் பேட்டரி அறை ஒன்று இருக்கும். கரண்ட் தயாரிக்கிற இடத்துக்கு எதுக்கு பேட்டரி? டர்பைன் நிமிஷத்துக்கு 3000 சுற்று சுத்துது. திடீர்னு வெளி மின்சாரம் அறுந்தா எண்ணெய் பம்பு நின்னுடும். எண்ணெய் இல்லாம அவ்வளவு பெரிய தண்டு சுத்தினா பேரிங் உருகிடும். அது நிற்கிற வரைக்கும் எண்ணெய் கொடுக்க பேட்டரியில் ஓடுற தனி பம்பு உண்டு. பிரேக்கரைத் தட்டிவிடவும் பேட்டரிதான். இரண்டு வோல்ட் செல்கள் நூறுக்கு மேல் வரிசையா அடுக்கி, பெரும்பாலும் 220 வோல்ட் எடுப்பாங்க. 1859-இல் பிரான்சில் பிளான்டே கண்டுபிடித்த அதே ஈய-அமில வகை. ஆக, கரண்ட் போகும் என்பதை முதலில் ஒத்துக்கொண்டு ஏற்பாடு செய்தது மின் நிலையம்தான்.

ஊருக்கு அந்த ஏற்பாடு வர அரை நூற்றாண்டு ஆச்சு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்தது. பலா, முந்திரி மரங்களோடு மின்கம்பங்களும் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. கம்பம் நட்டு விளக்கு எரிய ஆரம்பிச்சதும் 2012-இன் மின்வெட்டு. சென்னையில் இரண்டு மணி நேரம். மற்ற மாவட்டங்களில் பல நாள் பத்து மணி நேரத்துக்கும் மேல்.

பக்கத்து ஊர் என்பதற்குச் சலுகை கிடையாது. நிலையத்தில் பிறக்கிற கரண்ட் நேரா உயரழுத்தக் கம்பியில் ஏறி மாநிலம் முழுக்கப் போயிடும், ஒரு பங்கு அண்டை மாநிலங்களுக்கும். ஊருக்கு வர்றது துணைமின் நிலையத்து ஃபீடர் வழியா. பற்றாக்குறை வந்தா அந்த ஃபீடரை அணைப்பாங்க. மின் நிலையம் எவ்வளவு தூரம் என்று அந்த சுவிட்சுக்குத் தெரியாது.

அப்போதான் வீடுகளில் இன்வெர்டர் வந்து உட்கார்ந்தது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் கணக்குப்படி 1.8 யூனிட். இரண்டு ஃபேன், சில விளக்குகள், ஐந்தாறு மணி நேரம் ஓடும். ஆனா காலியான பேட்டரி நிறைய எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகும். ஒரு மணி நேரம் வந்து ஒரு மணி நேரம் போற கரண்ட்ல அது எப்படி நிறையும்? அதுவுமில்லாம பேட்டரிக்குள் போகிற கரண்ட் முழுசா திரும்பி வராது. கணிசமான பங்கு சூடாகப் போயிடும். கரண்ட் வந்த நிமிஷமே எல்லா வீட்டு இன்வெர்டரும் ஒண்ணா இழுக்கும். பற்றாக்குறையைச் சமாளிக்க வாங்கின பெட்டி, பற்றாக்குறையைக் கொஞ்சம் கூட்டவும் செய்தது. வாங்க முடியாத முந்திரிக்கொட்டை உடைக்கிற வீடுகளுக்கு இருட்டு அப்படியே இருந்தது.

2020-இல் நெய்வேலியின் அந்த முதல் அனல்மின் நிலையம் மூடப்பட்டது. ஏறக்குறைய அதே சமயம் அதே நிறுவனம் தெற்கு அந்தமானில் 20 மெகாவாட் சூரிய மின் நிலையத்தோடு 8 மெகாவாட்-மணி பேட்டரி வைத்தது. நம்ம வீட்டுப் பெட்டிக் கணக்கில் சுமார் 4,400 பேட்டரி. மேகம் மறைச்சா கைகொடுக்க, டீசலை மிச்சம் பண்ண. அளவைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேற: அந்த பேட்டரி ஒரு வீட்டுக்குள் இல்லை, கம்பியில் இருக்கு. வாங்க முடிஞ்சவருக்கும் முடியாதவருக்கும் ஒரே கம்பிதான்.

இப்போ தமிழ்நாட்டிலும் பெரிய பேட்டரி நிலையங்கள் பற்றிப் பேச்சு நடக்குது. எத்தனை மெகாவாட் என்றுதான் எல்லாரும் கேட்கிறாங்க. எந்த ஃபீடருக்கு என்றும் கேட்டு வைப்போம்.